வாய் நிறையப் பசை, அதற்குள் சம்மதம்

ஒன்டாரியோவில் பல்செட் செய்யும் டென்சரிஸ்ட்டுகளுக்கென்றே 1991-ல் தனிச் சட்டம் வந்துவிட்டது. அறநெறியும் பேச்சுத்திறனும் அவர்களுக்குப் பாடங்கள். பேச்சுத்திறன் என்றால் தேனொழுகப் பேசுவது என்று மாணவர் எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு. சிகிச்சைக்கான ஒப்புதல் பற்றிய 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி பலன், ஆபத்து, மாற்றுவழி, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அச்செடுக்கும் பசை வாய்க்குள் இறுகிக்கொண்டிருக்கையில் "சம்மதம்தானே?" என்றால் எந்தப் பாட்டியும் "ம்ம்" என்றுதான் சொல்வார். பணம் கட்டும் மகளிடம் சொன்னால் போதாதா என்பார்கள். பாட்டிக்குப் புத்தி தெளிவாக இருக்கும்வரை போதாது. மெல்லப்போவது மகள் இல்லையே! கீழ்செட் ஆடும் என்று சொன்னால் வந்தவர் ஓடிவிடுவாரே? ஓடலாம். ஈறெலும்பு தேய்ந்த வாயில் அது ஆடத்தான் செய்யும். சொல்லாமல் மாட்டி அனுப்பினால், மறுவாரமே டம்ளரில் போட்டு எடுத்துவந்து மேசைமேல் வைப்பார், ரசீதோடு.