ஆல்ப்ஸ் மலைக்கு மத்தூரிலிருந்து வழி

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். ஊரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆல்ப்ஸ் மலையில் பருவம் இரண்டு. டிசம்பரிலிருந்து மார்ச் வரை பனியில் சறுக்க வருவார்கள்; ஜூனிலிருந்து செப்டம்பர் வரை புல்வெளியில் நடக்க வருவார்கள். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மத்தூரிலும் பருவம் இரண்டுதான்: மாங்காய் இருக்கும் பருவம், மாங்காய்க்காகக் காத்திருக்கும் பருவம். டிசம்பர், ஜனவரியில் மரம் பூ எடுக்கும். மருந்து அடிக்க ஆள் தேட வேண்டும். பனி விழுந்து பூ கருகுகிறதா என்று விடியற்காலையில் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஜூன், ஜூலையில் பெங்களூரா மாங்காய் லோடு கூழ் ஆலை வாசலில் வரிசை நிற்கும். லாரியை விட்டு நகர்ந்தால் இடம் போய்விடும். அதே சமயத்தில் கிருஷ்ணகிரியில் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி வேறு நடக்கும். வெள்ளைக்காரன் பனிக்கு வகுத்த பருவமும் புல்லுக்கு வகுத்த பருவமும் நம் தோப்புக்கு ஆகாதவை என்பதை முதல் பாடமாக எழுதிக்கொள்ளுங்கள்.

தோப்பு இல்லாத வீட்டில் சிப்காட் கம்பெனி வேலை இருக்கும். போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் என்று கம்பெனி பஸ் ஏறுகிற மச்சானுக்கு ஷிஃப்ட் அட்டவணைதான் பஞ்சாங்கம். தனக்கு லீவு உண்டா என்பது அவருக்கே முந்தின நாள் சாயங்காலம்தான் தெரியும்.

மிச்சமிருப்பது மே மாதம். பள்ளிக்கூடம் விடுமுறை, வெயில் மண்டையைப் பிளக்கும், பெங்களூரா இன்னும் மரத்தில் இருக்கும். ஆல்ப்ஸிலோ மே மாதத்தில் கீழ்ப்பக்கத்துப் பனி உருகிச் சேறாகிக் கிடக்கும். பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்தி வைப்பார்கள், பாதி ஓட்டல்கள் பூட்டியிருக்கும். சறுக்கவும் முடியாது, நடக்கவும் முடியாது. நமக்கு இரண்டுமே தெரியாது என்பதால் இதைவிடப் பொருத்தமான மாதம் கிடையாது. மே என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது உடை. இந்த விஷயத்தில் சினிமாவை நம்பக் கூடாது. 1969இல் வெளியான 'சிவந்த மண்' படத்துக்காக ஸ்ரீதர் ஐரோப்பாவுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து, பனியில் கதாநாயகன் கோட்டும் கதாநாயகி மெல்லிய புடவையும் உடுத்துவது சட்டமாகிவிட்டது. நம் வீட்டு அத்தை அப்படி உடுத்தினால் இரண்டாவது சரணத்துக்குள் ஜன்னி கண்டுவிடும். மங்கி கேப் ஆளுக்கு ஒன்று. அதைப் போட்டால் போட்டோவில் முகம் தெரியாது என்று இளசுகள் அடம்பிடிக்கும், விடாதீர்கள். பரணில் குரும்பர் நெய்த கருப்புக் கம்பளி இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குத்தும், ஆனால் குளிரை உள்ளே விடாது.

இப்போது விசா. ஆல்ப்ஸில் நாம் போகப்போகிற சுவிட்சர்லாந்து 2008 டிசம்பர் முதல் ஷெங்கன் விசா வட்டத்துக்குள் இருக்கிறது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, அதாவது ஒன்பதாயிரம் ரூபாய் அளவில். விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைந்தால் வாங்க மாட்டார்கள். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். நேரில் போய் விரல் ரேகை கொடுக்க வேண்டும். இருபது வருடம் கல் குவாரியில் வேலை பார்த்த சித்தப்பாவின் விரலில் ரேகை இருக்கிறதா என்பதை ரேஷன் கடை மெஷினிலேயே ஒரு தடவை சோதித்துவிட்டுப் போவது நல்லது.

எந்த ராத்திரி எந்த ஊரில் தூங்குவீர்கள் என்று விண்ணப்பத்தோடு காட்டச் சொல்வார்கள். திருவண்ணாமலைக்குக் கிளம்பிய வேன் திருப்பதியில் போய் நின்ற வரலாறு உள்ள குடும்பத்துக்கு இது கடினமான கேள்வி. அடுத்து பேங்க் ஸ்டேட்மென்ட். மாங்காய் மண்டிப் பணம் பையில் வந்து பையிலேயே போவதால் கணக்கில் ஈ ஓட்டும். இதற்காக மச்சான், மாமன், சம்பந்தி எல்லாரிடமும் வாங்கி ஒரே வாரத்தில் ஏழு லட்சம் போட்டால், அந்த ஏழு லட்சத்தைத்தான் அதிகாரி முதலில் சுற்றி வட்டம் போடுவார். திரும்பி வருவீர்கள் என்பதற்கும் அத்தாட்சி வேண்டும். தோப்புப் பட்டாவையும் சிட்டாவையும் வையுங்கள் என்பார் ஏஜென்ட். இந்த இடத்தில் பெரியப்பாவுக்குக் கோபம் வரும். "திரும்பி வராம அங்க நான் இன்னாத்த பண்ணப் போறன்? தண்ணி பாய்ச்சறது யாரு?" அந்த வாக்கியத்தை அப்படியே விண்ணப்பத்தோடு இணைக்க வழி இருந்தால், விசா மறுக்க யாருக்கும் மனம் வராது.

விசா கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். எல்லாரும் போகிற இடம் யுங்ஃபிராவ்யோக். ஐகர் மலையின் வயிற்றைக் குடைந்து 1896இல் தொடங்கி 1912இல் முடித்த ரயில் பாதை அங்கே போகிறது. கடைசி ஸ்டேஷன் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் அதற்கு மேலே ரயில் நிலையம் கிடையாது. இண்டர்லாக்கனிலிருந்து போய்வர ஆளுக்கு 200 பிராங்குக்கு மேல் ஆகும். ஒரு பிராங்க் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. மேலே காற்று மெலிந்திருக்கும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். வாங்கிய மூச்சை விடுவதற்குத் தோதாக 'பாலிவுட்' என்ற பெயரிலேயே ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடை அங்கே உண்டு. டிட்லிஸ் மலைக்குப் போனால், 3,020 மீட்டரில் ஷாருக் கானும் கஜோலும் அட்டை உருவமாக நின்று உங்களோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இத்தனை செலவு செய்து இத்தனை உயரம் போய் ஒரு அட்டையைப் பார்ப்பதா என்று கேட்கக் கூடாது. பேனர் வைத்துப் பழகிய நாடு நாம்.

ஓட்டல் அறையில் களி கிண்டாதீர்கள். இதை அன்பாகவே சொல்கிறேன். கேழ்வரகு மாவு, இண்டக்ஷன் அடுப்பு, துடுப்பு மூன்றும் பெட்டிக்குள் போவது எனக்குத் தெரியும். கூரையில் புகை பார்க்கும் கருவி இருக்கும். அதற்குக் களிக்கும் தீவிபத்துக்கும் வித்தியாசம் தெரியாது. நாக்கு செத்துப்போனால் தமிழ்க் கடை தேடிப் போங்கள். அரை லட்சம் அளவில் ஈழத் தமிழர்கள் வாழும் நாடு அது. 1980களில் உயிர் தப்பி வந்து, ஓட்டல் சமையற்கட்டுகளில் பாத்திரம் கழுவித் தொடங்கியவர்கள் பலர். பெர்ன் நகரில் 2014இல் திறந்த 'சமயங்களின் இல்லம்' என்ற கட்டடத்துக்குள் சைவக் கோயிலே இருக்கிறது. அங்கே போய் மலை, பனி என்று ஆரம்பிக்காதீர்கள். அவர்களுக்குப் பனி என்பது காலை வேலைக்குப் போகுமுன் வாசலில் தள்ள வேண்டிய சமாச்சாரம்.

கடிகாரம் வாங்காதீர்கள். லூசெர்ன் கடைத்தெருவில் கண்ணாடிக்குள் மின்னும்தான். நம் மாவட்டத்து ஓசூரிலேயே டைட்டன் ஆலை இருக்கிறது. 1737இலிருந்து வம்சக் கணக்கு சொல்லும் ஃபாவ்ர் லூபா என்ற சுவிஸ் கடிகாரப் பெயரையே 2011இல் அந்த டைட்டன் விலைக்கு வாங்கியது; பிறகு கைமாற்றியும் விட்டது. ஓசூர்ப் பக்கத்திலிருந்து போய் லூசெர்னில் கடிகாரம் வாங்குவது திருநெல்வேலிக்காரர் டெல்லியில் அல்வா வாங்குகிற கதை.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை வந்ததும் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அத்தைதான் ஆரம்பிப்பார்: "ஊட்டியும் குளிருந்தானே?"

குளிர்தான். உயரத்திலும் குறைவில்லை. ஊட்டி 2,240 மீட்டர். உலகப் பணக்காரர்கள் சறுக்கப் போகும் செயின்ட் மோரிட்ஸ் 1,800 சொச்சம், செர்மாட் 1,600 சொச்சம். அதோடு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற ரயில் பாதி சுவிஸ். தண்டவாளத்துக்கு நடுவே பல்சக்கரம் கடித்து ஏற இங்கே கையாளும் முறை ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்டுபிடித்தது. பழைய நீராவி என்ஜின்கள் விண்டர்தூரில் செய்து வந்தவை. 1899இல் குன்னூரையும் 1908இல் ஊட்டியையும் தொட்ட பாதை அது. சுவிஸ் ரயிலில் போனோம் என்று தெருவில் சொல்லிக்கொள்ளலாம், பொய்யாகாது. டிக்கெட் கிடைத்தால்.

ஊட்டிக்கும் இப்போது விசா உண்டு. 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் அதற்கும் கணக்கு வைத்தார்கள்: வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. டிஎன் 43 என்று எண் உள்ள உள்ளூர் வண்டிக்குக் கேள்வி இல்லை. டிஎன் 24 போட்ட நம் வேன் கல்லாறு செக்போஸ்டில் ஓரங்கட்ட வேண்டும். ஒரே ஆறுதல், தோப்புப் பட்டா கேட்பதில்லை. ஆனால் பாஸ் வாங்க உட்கார்ந்தவர் தேதியைக் கேட்பார், மச்சானின் ஷிஃப்ட் தெரியாது, பேச்சு ஏற்காட்டுக்கு இறங்கும். ஏற்காடு 1,515 மீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு, ஏரி. அங்கேதான் போன வருடம் சம்பந்தி வீட்டார் போய் வந்தார்கள் என்று யாராவது சொல்ல, அதுவும் முடிந்தது.

ஆக ஏலகிரி. நொந்துகொள்ளாதீர்கள். ஏலகிரி 1,110 மீட்டர். ஐகர் சிகரத்தின் காலடியில் இருக்கும் கிரிண்டல்வால்ட் 1,034. இண்டர்லாக்கன் 570 அளவுதான்; ஓசூர் பஸ் ஸ்டாண்டே அதைவிட உயரம். ஆல்ப்ஸ்காரர்களிடம் இருப்பது உயரம் அல்ல, வடக்கு. அவர்கள் பூமத்திய ரேகையிலிருந்து 46 பாகை தள்ளி இருக்கிறார்கள், நாம் பன்னிரண்டரையில் இருக்கிறோம். பனிக்கட்டி வேண்டுமானால் மலையை மட்டும் ஏறினால் போதாது, கொஞ்சம் மேப்பிலும் ஏற வேண்டும். ஏலகிரியில் மே மாத மத்தியானம் வியர்க்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் காற்று வரும். அந்த நேரத்தில் மங்கி கேப்பை மாட்டிக்கொள்ளலாம்.

வழி சுலபம். திருப்பத்தூர் போய், பொன்னேரியில் மலைப்பாதை பிடிக்க வேண்டும். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். நெடுஞ்சாலைத் துறையில் யாரோ தமிழ் படித்த புண்ணியவான் இருந்திருக்கிறார். வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். வண்டி மக்கர் செய்தால் பாரி வளைவில் நிறுத்துங்கள். தேரையே முல்லைக்கு விட்டுவிட்டு நடந்து போன மனிதர், தவறாக நினைக்க மாட்டார். குளிருகிறது என்று யாராவது நடித்தால் பேகன் பெயரைக் காட்டுங்கள். மயிலுக்கே போர்வை கொடுத்தவர். அதியமான் நம்மவர், தகடூர்க்காரர். 2004இல் கிருஷ்ணகிரியைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது தர்மபுரியோடு தங்கிவிட்டார், அவ்வளவுதான். அவரிடம் நெல்லிக்கனி கேட்காதீர்கள், ஒன்றுதான் இருந்தது. வாந்தி எடுக்கும் பிள்ளைகளை முன் சீட்டில் வையுங்கள், கையில் எலுமிச்சம்பழம் கொடுங்கள். புளியோதரையை மேலே போய்த்தான் பிரிக்க வேண்டும். வாசனைக்குக் குரங்கு வருமுன் வண்டிக்குள் உள்ளவர்களே மயங்குவார்கள்.

மேலே அத்தனாவூரில் வண்டியை விட்டுவிட்டால் புங்கனூர் ஏரிக்கு நடந்தே போகலாம். படகு உண்டு. கோடை விழா நாளாக இருந்தால் கூட்டமும் உண்டு. சுவாமிமலைக்கு ஏறும் நடைபாதை காலையில் நன்றாக இருக்கும். உண்மையிலேயே நன்றாக இருக்கும், கேலிக்குச் சொல்லவில்லை. கீழே ஜோலார்பேட்டைச் சமவெளி முழுக்கத் தெரியும். ஆனால் உங்கள் ஆட்கள் அதற்குள் எழுந்திருக்க மாட்டார்கள். பலாப்பழம் வாங்குங்கள். மாங்காய் வாங்காதீர்கள், யாராவது மத்தூர்க்காரர் பார்த்துவிடுவார்.

போட்டோவில் பின்னணியாக ஏரியையும் யூக்கலிப்டஸ் மரங்களையும் மட்டும் எடுங்கள். பஜ்ஜிக் கடைப் பலகை விழக் கூடாது. ஊர் பெயர் போடாமல் ஸ்டேட்டஸில் விட்டால் சம்பந்தி வீட்டார் ஒரு ராத்திரியாவது தூங்க மாட்டார்கள்.

சனிக்கிழமை போய் ஞாயிறு காலையே இறங்கிவிடுங்கள். ஞாயிறுதான் போச்சம்பள்ளிச் சந்தை, பெரியப்பாவுக்கு ஆடு பார்க்க வேண்டும். இறங்கும்போது பின் சீட்டிலிருந்து யாராவது "அடுத்த வருஷம் மணாலிடா, ஆதார் இருந்தாப் போதும்" என்பார்கள். அவரிடம் அங்கேயே, வளைவுகள் முடிவதற்குள், ஆளுக்கு ஐந்நூறு அட்வான்ஸ் வாங்கிப் பையில் போடுங்கள். வண்டி திருப்பத்தூர் தாண்டிவிட்டால் பேச்சு மாறிவிடும்.