செங்கொடிச் சண்டை

கேள்வி: ஒரே செங்கொடி பிடித்த சோவியத் யூனியனும் சீனாவும் பகையை எப்படித் தீர்த்துக்கொண்டன?

பதில்: கொடி ஒன்றானாலும் எல்லைத் தகராறு இருந்ததே! 1969-ல் உசூரி ஆற்றுத் தீவு ஒன்றுக்காகச் சுட்டுக்கொண்டார்கள். சமரசம் வேண்டுமானால் மூன்று முட்டுக்கட்டைகளை அகற்றுங்கள் என்றார் சீனத் தலைவர் டெங் சியோபிங்: எல்லையில் குவிந்த சோவியத் படை, ஆப்கானிஸ்தானில் சோவியத் ராணுவம், கம்போடியாவில் வியட்நாம் படை. 1986-ல் விளாடிவோஸ்டாக்கில் இறங்கிவந்து பேசினார் சோவியத் தலைவர் கோர்பச்சேவ். 1989 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானிலிருந்து படை திரும்பியது. மே மாதம் கோர்பச்சேவ் பீஜிங் போனபோது தியானன்மென் சதுக்கத்தில் மாணவர்கள் உண்ணாவிரதம். அதனால் வரவேற்பு விமான நிலையத்திலேயே முடிந்தது. 84 வயது டெங் கைகுலுக்கினார், கட்டித்தழுவவில்லை. அந்தக் கைகுலுக்கலே போதுமானதாக இருந்தது. வார்த்தையைவிட வாபஸ்தான் சமாதானத்தைக் கொண்டுவரும்!