விஜயதசமி வித்வான்கள்

விஜயதசமியன்று பாட்டு வகுப்பில் சேரும் கூட்டத்தைப் பார்த்தால், வருகிற மார்கழிக்குச் சென்னையில் சபாக்கள் போதாது என்று தோன்றும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தட்சிணை. கைப்பேசியில் புதிதாக இறக்கிய சுருதிப்பெட்டிச் செயலி. மஞ்சள் தடவிய புது நோட்டு. ஏற்பாட்டில் ஒரு குறையும் கிடையாது.

புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் பாடமுறையில் முதல் படி சரளி வரிசை. மாயாமாளவகௌளை ராகத்தில் ஏழு ஸ்வரங்களும் ஏறி இறங்க வேண்டும், மூன்று காலத்திலும், தினமும். இந்தத் ‘தினமும்’தான் இடிக்கிறது. முதல் வாரம் பக்தி. இரண்டாம் வாரம் தொண்டைக்கட்டு. மூன்றாம் வாரம், “கீர்த்தனை எப்ப டீச்சர் ஆரம்பிப்பீங்க?” தீபாவளி கழிந்தால் வகுப்பில் மிஞ்சுவது டீச்சரும் பாயும்தான்.

நின்றுபோனவர்கள் சும்மா நிற்பதில்லை. ஆராய்ச்சியைத் துணைக்கு அழைக்கிறார்கள். “பத்தாயிரம் மணி நேரம் பழகணுமாமே, நமக்கு ஏது நேரம்?” 1993-ல் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் பெர்லின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து எழுதிய இந்தக் கணக்கை, 2008-ல் மால்கம் கிளாட்வெல்லின் புத்தகம் உலகம் முழுக்கப் பரப்பியது. அது விதியல்ல, வெறும் சராசரி. பிழையைத் தேடித் திருத்தும் பயிற்சியே முக்கியம் என்று சொல்லி எரிக்சனே பிறகு அந்த விதியை மறுத்தார். மறுப்பை யார் காதில் வாங்கினார்கள்? பத்தாயிரம் மணி நேரம் இல்லை என்று சொல்வதில் ஒரு கௌரவம் இருக்கிறது. காலையில் பத்து நிமிஷம் இல்லை என்றால் வீட்டிலேயே சிரிப்பார்கள்.