திசைமாறிய விமானங்களும் நண்டுக் கறியின் ஆயுளும்: ஒரு வெள்ளவத்தை – கொட்டாஞ்சேனை ஒப்பாய்வு

விமானத் தாமதத்தைப் பற்றி இதுவரை எழுதியோர் எல்லாரும் விமானத்துக்குள் இருப்பவரைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். துறையின் அடிப்படைக் கோளாறு இதுதான். உள்ளே இருப்பவருக்கு இருக்கை உண்டு, போர்வை உண்டு, செய்யவேண்டிய வேலை ஒன்றுமில்லை. கட்டுநாயக்க விமான நிலைய வருகை வாசலில் ஒரு கையில் வாடிய பூச்செண்டும் மறு கையில் பிஸ்கற் கேட்டு அழும் பிள்ளையுமாக நிற்பவரைப் பற்றி ஒரு பந்திகூடக் கிடையாது. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு.

முதலில் விதி. தாமத மணித்தியாலங்களை, எதிர்கொள்ளப் போனவர்களின் தொகையால் பெருக்குக. லண்டன் விமானம் 6 மணித்தியாலம் பிந்துகிறது; ஹையேஸ் வானில் 11 பேர் போயிருக்கிறார்கள்; ஆக 66. பயணிக்குரியது வெறும் 6. அந்த 6ஐயும் அவர் நித்திரையில் கழித்துவிடுகிறார். ஆகவே தாமதம் என்பது உறவினருக்கு நேர்வது. பயணி அதற்கு ஒரு காரணம், அவ்வளவே. ஒருவரைக் கூட்டிவர 11 பேர் ஏன் போனார்கள் என்ற வினா இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. திரும்பும்போது பெட்டிகளை எங்கே வைப்பது என்பதும் அப்படியே.

கொழும்புத் தமிழரிடையே எதிர்கொள்ளலில் இரு மரபுகள் உள. வெள்ளவத்தை மரபினர், அங்கே ஹீத்ரோவில் விமானம் ஏறிய செய்தி கிடைத்ததும் இங்கே குளித்து வெளிக்கிடத் தொடங்குபவர்கள். கொழும்பு 6இலிருந்து பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கோட்டை என்று நகரம் முழுவதையும் கடந்தாக வேண்டும் என்பது அவர்கள் வாதம். காலி வீதியை அறிந்தவர் எவரும் அதை மறுக்கமாட்டார். கொட்டாஞ்சேனை மரபோ நேரெதிர்: சில்லு நிலத்தில் முட்டிய பிறகே செருப்பைத் தேடுவது. கொழும்பு 13 களனிப் பாலத்துக்குக் கிட்ட. பேலியகொடையிலிருந்து கட்டுநாயக்க வரைக்குமான 25.8 கிலோமீற்றர் அதிவேகப் பாதை 2013 ஒக்டோபரில் திறக்கப்பட்டதோடு, அதுவரை சோம்பல் என்று பழிக்கப்பட்ட இக்கொள்கை விஞ்ஞான அந்தஸ்துப் பெற்றது. குடிவரவு, பெட்டி, தீர்வையில்லாக் கடையில் வோஷிங் மெஷின் விலை விசாரிப்பு எல்லாம் முடித்துப் பயணி வெளியே வர எடுக்கும் நேரத்தில் கொட்டாஞ்சேனையார் வாசலில் நிற்பார். ஆனால் விமானம் திசைமாறும் நாளில்தான் இரு மரபுகளுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு புலப்படும். வெள்ளவத்தையார் கார் தரிப்பிடத்தில். கொட்டாஞ்சேனையார் வீட்டில், சாரத்தோடு.

விமானம் ஏன் திசைமாறுகிறது? வானில் 11 பேருக்கும் 11 விளக்கங்கள் உண்டு. விமானிக்குப் பயம் என்பது அவற்றுள் பிரதானமானது. உண்மை அதைவிடச் சாதாரணம். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடிமழை ஓடுபாதையை மூடும். சில மாதங்களில் அதிகாலை மூடுபனி மூடும். விமானம் முட்டை வடிவில் சுற்றிக்கொண்டு காத்திருக்கும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 4 நிமிடம். மாற்று விமான நிலையம்வரை போவதற்கான எண்ணெயும், அதற்கு மேல் 30 நிமிடம் பறப்பதற்கான இறுதிக் கையிருப்பும் தொடப்படாமல் இருக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. சுற்றிச் சுற்றி எண்ணெய் அந்த அளவுக்கு இறங்கியதும் விமானி போயே ஆகவேண்டும். இதில் வீரத்துக்கு இடமில்லை.

இச்செய்தி பரவும் வழி ஆராயத்தக்கது. விமானம் திரும்பியதை முதலில் அறிபவர் விமான நிலையத்தில் நிற்பவர் அல்லர். ரொறன்ரோவில் இருக்கும் சித்தி. 2006இல் சுவீடனில் தொடங்கிய, பறக்கும் விமானத்தை வரைபடத்தில் காட்டும் பிளைட்ராடார்24 என்னும் வசதி எங்கள் குடும்ப அமைப்பில் உண்டாக்கிய அதிகார மாற்றத்தைச் சமூகவியலாளர் இன்னும் உணரவில்லை. மாதிரிக்கு ஓர் உரையாடல்:

"அக்கா, பிளேன் திரும்பிட்டுது."

"எங்கை திரும்பினது? இப்பத்தானே கிட்ட வந்திட்டுதெண்டு சொன்னாய்?"

"கிட்ட வந்துதான் திரும்பினது. ரெண்டு மூண்டு வட்டம் அடிச்சவன், இப்ப தெற்காலை போறான்."

பயணிக்கு இது கடைசியாகவே தெரியவரும். தெரியவரும்போது அவர் மத்தளையில் நிற்பார்.

2013 மார்ச் 18இல் மத்தளை விமான நிலையம் திறக்கப்படும்வரை திசைமாறிய விமானங்களுக்குத் திருவனந்தபுரம், சென்னை, மாலே போன்ற இடங்களே கதி. திருவனந்தபுரத்தில் இறங்கிய விமானத்தின் ஜன்னலால் தென்னையைக் கண்டு ஊர் வந்துவிட்டதென்று கைதட்டியோர் உண்டு. விசா இல்லாததால் கீழே இறங்க முடியாது, தென்னையையே பார்த்துக்கொண்டிருக்கலாம். மத்தளையில் அந்தக் குழப்பமில்லை, சுற்றிலும் காடு. 3,500 மீற்றர் ஓடுபாதை, கட்டுநாயக்கவினதைவிட நீளம், விமானங்கள்தான் இல்லை. 2015இல் அதன் சரக்குக் கட்டடத்தில் நெல் சேமித்தார்கள். 2016இல் ஓடுபாதைப் பக்கம் வரும் மிருகங்களை விரட்ட நூற்றுக்கணக்கான படையினரையும் பொலிஸாரையும் இறக்கினார்கள். இப்படிப்பட்ட இடத்திலிருந்து பயணி வைபரில் அழைக்கிறார்.

"தம்பி, எங்கையப்பு நிக்கிறாய்?"

"காட்டுக்கை நிக்கிறம் பெரியம்மா. கதவு திறக்கயில்லை."

"திறக்க வேண்டாமெண்டு சொல்லு. ஆனை நிக்குமாம்."

மத்தளையை மாத்தளை என்று விளங்கிக்கொண்டு கண்டி வீதியால் வானைத் திருப்பியவர்களைப் பற்றியும் கேள்வி. அவர்கள் அங்குள்ள முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள் என நம்புவோம்.

2017ஆம் ஆண்டு இத்துறைக்குப் பொற்காலம். ஓடுபாதைத் திருத்தத்துக்காக ஜனவரி 6 தொடக்கம் மூன்று மாதம், காலை 8.30 முதல் பிற்பகல் 4.30 வரை கட்டுநாயக்க மூடிக்கிடந்தது. நாட்டுக்கு வரும் சனமெல்லாம் இரவிலே வந்தது.

2022 அதற்கும் மேலே. நாட்டில் எண்ணெய் இல்லை. இங்கிருந்து கிளம்பிய நெடுந்தூர விமானங்கள் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இறங்கி எண்ணெய் அடித்துக்கொண்டு போயின. அதேவேளை வெள்ளவத்தையில் வானுக்கு கியூஆர் அட்டைப்படி வாரத்துக்கு 20 லீற்றர். கட்டுநாயக்க போய்வர ஏறத்தாழ 80 கிலோமீற்றர். ஒரு தடவைக்குத் தாங்கும். விமானம் பிந்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தால் தாங்காது. மேலே பறப்பதும் கீழே நிற்பதும் ஒரே கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டு அது: மாற்றிடம்வரை எவ்வளவு, இறுதிக் கையிருப்பு எவ்வளவு. சர்வதேச விதி வான்காரருக்கும் விளங்கியது அப்போதுதான்.

இனி நண்டு. மழை விட்ட பின்னும் விமானம் மத்தளையில் நிற்பதற்குப் பல வேளைகளில் காரணம், விமானிகளின் பணிநேரம் முடிந்துபோவது. அதற்குச் சட்ட வரம்பு உண்டு. தாண்டினால் வேறு ஆட்கள் வரவேண்டும். சமையலறையில் நிற்கும் பெரியம்மாவுக்கு அவ்வரம்பு இல்லை. காலையில் வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய நண்டு மத்தியானத்துக்குக் கறியாகிவிட்டது. வருகிறான் என்றதும் ஒருமுறை சூடாக்கப்படுகிறது. திரும்பிவிட்டான் என்றதும் மூடப்படுகிறது. மறுபடி கிளம்பிவிட்டான் என்றதும் மறுபடி அடுப்பில். மூன்றாம் சூட்டில் சதை கோதோடு ஒட்டும். நான்காவதில் கறி என்ற பெயர் மட்டும் மிஞ்சும். இடையில் "நாங்கள் கொஞ்சம் சாப்பிடுவமே" என்று கேட்கும் பெரியப்பாவின் நிலை மனித உரிமை சார்ந்தது.

1999ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கை, தாமதத்தால் பயணிக்கு நேரும் இழப்புக்கு விமான நிறுவனம் பொறுப்பு என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261ஆம் இலக்க விதி இன்னும் தாராளம்: பரிஸிலிருந்து கிளம்பும் நெடுந்தூர விமானம் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் பிந்திச் சேர்ந்தால் 600 யூரோ. மழை, மூடுபனி போன்ற அசாதாரண காரணமாயின் காசு இல்லை. ஆனால் சாப்பாடும், தேவைப்பட்டால் தங்குமிடமும் கொடுத்தாகவேண்டும். நண்டைப் பற்றி இரு ஆவணங்களிலும் ஒரு சொல் இல்லை. மொன்றியலில் கூடியவர்களில் ஒருவரையாவது எதிர்கொள்ள எந்தப் பெரியம்மாவும் சமைத்து வைத்திருக்கவில்லை என்பதே இவ்வாய்வாளரின் துணிபு.

பிந்தி வருவதைப் பற்றி இவ்வளவு. பிந்திப் போவதில் கோட்பாட்டுச் சிக்கல் அதிகம். விபூதி பூசி, கட்டிப்பிடித்து, அழுது, "போட்டு வாறன்" என்று சொல்லி உள்ளே போனவர், விமானம் நாளைக்கு என்று இரண்டு மணித்தியாலத்தில் பெட்டியோடு வெளியே வந்தால் என்ன செய்வது? வெள்ளவத்தை மரபில் அவரை வீட்டுக்குக் கூட்டிவருவது சகுனப் பிழை. நீர்கொழும்பில் அறை எடுத்துக் கொடுப்பார்கள். கொட்டாஞ்சேனையார் கூட்டிவந்து கொத்துரொட்டி வாங்கிக் கொடுப்பார்கள். மறுநாள் திரும்ப அழவேண்டுமா என்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை. முதல்நாள் அழுதது செல்லும் என்று கொட்டாஞ்சேனை அம்மம்மா ஒருவர் தீர்ப்பளித்திருக்கிறார். வெள்ளவத்தைத் தரப்பு இன்னும் அதை ஏற்கவில்லை.