சும்மா கிடைத்த கதவு: இடிசாமானியலுக்கு ஓர் அறிமுகம்

1. சொல்லாராய்ச்சி

பழைய வீடு பிரிபடும் இடத்திலிருந்து கதவு, நிலை, ஓடு, செங்கல், அம்மி முதலானவற்றைக் காசு கொடுக்காமல் கொண்டுவந்து, தன் பழைய வீட்டில் பொருத்தப்போவதாகச் சொல்லிக் கொல்லையில் அடுக்கிவைக்கும் ஒழுக்கத்துக்கு இக்கட்டுரை ‘இடிசாமானியல்’ என்று பெயரிடுகிறது. இத்துறைக்குப் பல்கலைக்கழகங்களில் இருக்கை கிடையாது. எங்கள் கொல்லையில் நான்கு உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு கால் குறைவு.

துறையின் மூலச்சொல் ‘சும்மா’. களத்தில் இதற்கு நான்கு பொருள் வழங்குகின்றன. ஒன்று, ‘சும்மாதான் கிடக்குது’: வீட்டுக்காரர் கூற்று. நீ கேட்கும்வரை அது இருப்பதே நினைவில்லை, இனி யோசிக்க வேண்டும் என்பது கருத்து. இரண்டு, ‘சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்’: ஆய்வாளர் கூற்று. வண்டி தெருமுனையில் நிற்கிறது என்பது கருத்து. மூன்று, ‘சும்மா எடுத்துக்கிட்டுப் போங்க’: இடிப்புக் காண்ட்ராக்டர் கூற்று. இதைக் குப்பையோடு அள்ளினால் எனக்கு லோடு கூலி ஆகும் என்பது கருத்து. நான்கு, ‘சும்மா இருக்கவே மாட்டீங்களா?’: ஆய்வாளரின் மனைவி கூற்று. இதற்கு உரை வேண்டியதில்லை. சும்மா இருப்பதே சுகம் என்ற ஞானிகள் எவரும் ஓட்டு வீட்டில் மழைக்காலத்தைக் கழித்ததாகத் தெரியவில்லை.

2. முன்னோர்

இடிசாமான் எடுப்பது நேற்று முளைத்த பழக்கம் அன்று. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கருங்கல்லைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். கங்கை வரை படையை அனுப்பியவன் எழுப்பிய மதில், கடைசியில் கொள்ளிடம் வரை போய்த் தண்ணீருக்குள் நின்றது. அதே ஊரில் மாளிகைமேட்டு அரண்மனைச் செங்கலை ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி எடுத்தார்கள். கோயில் திருப்பணிகளில் பழைய கல்லைத் திரும்ப வைக்கும்போது வரிசை மாறி, கல்வெட்டு தலைகீழாக நிற்பதும் உண்டு. அதைப் படிக்கக் கழுத்தைத் திருப்பிச் சுளுக்கிக்கொண்ட அறிஞர்களுக்கு இத்துறை கடன்பட்டிருக்கிறது.

முறையாகச் செய்தவர்களும் உண்டு. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், ஊர்களிலிருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கோத்து நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில், நான் ஓர் ஊஞ்சலைப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் சாக்பீஸால் எண் போட்டேன். அன்றிரவு நல்ல மழை. அந்த ஊஞ்சலைப் பிறகு இரண்டு முறை கோத்துப் பார்த்தோம். முதல் முறை கட்டில்போல் வந்தது, மறுமுறை ஏணிபோல்.

3. களம்

எங்கள் களம் செட்டிநாடு. 73 ஊரும் 2 நகரமும் என்பர். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிய பகுதி. இப்பகுதியார் கொண்டுவிக்க, அதாவது வணிகத்துக்கு, போன இடத்திலிருந்து பர்மாத் தேக்கு வந்தது. அதன் பின்னாலேயே இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் வந்தன. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பணம் வந்த வழி அடைபட்டது. வீடு அப்படியே நிற்க, பங்கு மட்டும் பெருகியது. ஒரு வளவு வீட்டுக்கு 30 பங்காளி என்று வைத்துக்கொள்வோம். ஒழுகும் ஓட்டை மாற்ற 30 பேரின் சம்மதம் வேண்டும். சம்மதம் சேருமுன் மழை சேர்ந்துவிடும். உத்திரம் இற்றுப்போகும். பிறகு 30 பேரும் ஒரே ஒரு காகிதத்தில் ஒன்றுபட்டுக் கையெழுத்திடுவார்கள். அது இடிப்புக்கான காகிதம்.

பிரிபடும் வீட்டில் ஒரு வரிசை உண்டு. தேக்கும் பளிங்கும் முதல் நாளே விலைபேசிப் போய்விடும். பெட்டகம், எனாமல் தூக்கு, சாமி படச் சட்டம் எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு ஏறும். அதன்பின் ஓடும் செங்கலும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரைத் தட்டினால் செங்கல் முழுசாகக் கழன்று கைக்கு வரும், காரை கல்லைவிட இளகல் என்பதால். சிமெண்டில் கட்டியதைத் தட்டினால் கல் உடையும், சிமெண்ட் உடையாது. வீடு ஒருநாள் பிரியும் என்பது பழைய கொத்தனாருக்குத் தெரிந்திருக்கிறது. நம் காலத்து வீடுகளில் பொறுக்க வரும் நாளைய ஆய்வாளருக்கு ஜல்லிதான் மிஞ்சும்.

இத்தனையும் போனபின் எவரும் வேண்டாத மிச்சம் ஒன்று மண்மேட்டில் கிடக்கும். இடிசாமானியல் அங்கிருந்து தொடங்குகிறது.

4. ஆய்வு முறை

மரத்தை முதலில் விரல்முட்டியால் தட்டிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இதனால் மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நம்மேல் மரியாதை வரும். பிறகு அவர் பார்க்காதபோது ஓரத்தைச் சீவி மோந்து பார்த்தால், தேக்கு தன் எண்ணெய் வாசத்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓட்டுக்குக் காலம் கணிப்பது எளிது, தவறாகக் கணிப்பது அதைவிட எளிது. பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். அந்த ஆண்டையே ஓட்டில் அச்சாகப் பதித்தும் விட்டார்கள். அதைக் கண்டு ‘இது 1865ஆம் வருஷத்து ஓடு’ என்று விருந்தாளிகளிடம் நான் மூன்று வருடம் காட்டிவந்தேன். அது கம்பெனி பிறந்த வருடம், ஓடு பிறந்தது அல்ல என்று ஓடு மாற்ற வந்த தொழிலாளி சொன்னார். கூலி கொடுக்கும்போது அவரிடம் சற்றுக் கடுமையாக நடந்துகொண்டேன்.

ஆட்டுக்கல்லைச் சும்மா கொடுக்க ஊரே தயார், தூக்க ஆளில்லை. கோயில் மரத்தடியில் வைத்துவிட்டுப் போன சாமி படங்களை, சட்டம் தேக்காகவே இருந்தாலும், தொடக்கூடாது. அவை குப்பை அல்ல, குடியேறியவை. போகிக்கு முதல் நாள் இரவு ஊர் முழுக்க நன்னூலாராக மாறிப் பழையதை வாசலில் வைக்கும். அன்று தூங்குபவன் ஆய்வாளனே அல்லன்.

5. சட்டம்

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடைக்கும் பொருள் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கடைக்காலைத் தோண்டியதில் எனக்குக் கிடைத்தவை ஒரு கோலிக்குண்டும் இரண்டு சோடா மூடிகளும். கோலிக்குண்டின் மதிப்பில் ஐயம் இருப்பதால் இன்னும் மனு எழுதவில்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமோ 100 வயதான கலைப்பொருளைத் தொல்பொருள் என்கிறது; மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிக்கு 75 வயது போதும். ஓய்வூதியம் தொடர்பாக நான் கைப்பட எழுதிய மனு ஒன்று ஓர் அலுவலகத்தில் அந்த வயதை நோக்கி அமைதியாக வளர்ந்து வருகிறது.

6. ஒரு கதவு: விரிவான ஆய்வு

சென்ற ஆனியில் எங்கள் பின்தெருவில் ஒரு வளவு பிரிந்தது. எல்லாம் போனபின் கொல்லைக் கதவு ஒன்று கிடந்தது. வேப்பமரம், ஒற்றைக் கதவு. உட்புறம் கரியால் போட்ட பால் கணக்கு: நாலு கோடும் குறுக்கே ஒன்றுமாக வரிசை வரிசையாக. “அதுவா சார், சும்மா எடுத்துக்கிட்டுப் போங்க” என்றார் காண்ட்ராக்டர்.

பழைய கதவுக்குக் கீல் கிடையாது. கதவின் ஓரத்து மரமே மேலும் கீழும் நீண்டு குடுமியாக நிற்கும். அது நிலையிலும் அடிக்கல்லிலும் உள்ள குழிகளில் உட்கார்ந்து சுழலும். ஆகவே கதவை மட்டும் தூக்கிவந்தால் அது வெறும் பலகை. நிலை வேண்டும், குழிக்கல் வேண்டும். குடுமி சும்மா ஆடாது என்று பழமொழியே இருக்கிறது. மூன்றையும் கொண்டுவந்தபின் எங்கள் வாசல் அகலம் என்றும் நிலை குட்டை என்றும் தெரிந்தது. கதவுக்கு ஏற்றபடி சுவரை இடித்துக் கட்டினோம். செலவு வருமாறு: குட்டியானை வண்டி வாடகை 700, ஏற்றி இறக்க 600, கொத்தனார், சித்தாள் 3,800, ஆசாரி மூன்று நாள் 3,600, சுண்ணாம்பும் மணலும் 950, நிலை இடித்து என் நெற்றியில் போட்ட தையல் 1,200. ஆக 10,850 ரூபாய். டவுனில் புதுப் பிளைவுட் கதவு 4,500. இதிலிருந்து துறையின் முதல் விதி கிடைக்கிறது: சும்மா கிடைத்த பொருளின் விலை, புது விலையைப் போல் 2.41 மடங்கு.

இத்தனைக்குப் பிறகும் கதவு திறக்கவில்லை. “ஈரம் ஏறியிருக்கு சார், வெயில்ல சரியாப் போயிரும்” என்றார் ஆசாரி. பங்குனி போய்ச் சித்திரை வந்தது. பத்து மாதம் நாங்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனோம். என் மனைவி துணி காயப்போடப் போகும்போதெல்லாம் நான்காம் பொருளில் ‘சும்மா’ ஒலிக்கும்.

7. முடிவுரை

கோயில் திருவிழாவுக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த ஆச்சி ஒருவர், பின்தெருவில் வெறும் மனையைப் பார்த்துவிட்டு, வெயிலுக்கு எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். எண்பதைத் தாண்டியவர். தண்ணீர் கொடுத்தோம். செம்பைக் கழுவிவைக்க எழுந்து தாமாகவே பின்பக்கம் போனவர், கதவைப் பார்த்ததும் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. நாதாங்கியைப் பிடித்து லேசாக மேலே தூக்கி, இடது முழங்காலால் கீழே ஒரு முட்டு முட்டினார். கதவு திறந்து கொல்லை வெயில் உள்ளே விழுந்தது.

“ஆசாரி மூணு நாள் பார்த்தாரு, ஆச்சி. அவருக்கே வரலை.”

“அதுக்கு முட்டு வேணும் தம்பி. எங்க மாமியா இருந்தப்பவே அப்பிடித்தான்.”

பிறகு பால் கணக்கைத் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் இரண்டு கோடு விட்டுப்போயிருந்தது. “இந்த ரெண்டு நா பால் வரலை” என்றார். செம்பு இன்னும் கையில் இருந்தது.

“இதுக்கு என்ன குடுத்தீக?”

“சும்மாதான் ஆச்சி. காண்ட்ராக்டர் எடுத்துக்கச் சொன்னார்.”

“சும்மாவா?” என்றார்.

களத்தில் ‘சும்மா’வுக்குப் பொருள் நான்கு என்று முதற்பகுதியில் நிறுவியிருந்தேன். அதைத் திருத்த வேண்டும், ஐந்து. ஐந்தாவதற்கு உரை எழுத நோட்டில் அரைப்பக்கம் விட்டுவைத்திருக்கிறேன். கதவு இப்போது திறக்கிறது. அந்த முட்டு என் மனைவிக்கு இரண்டே நாளில் வந்துவிட்டது; நான் இன்னும் வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.