குறிப்பே, உன் பெருமை

சுரதாளக் குறிப்பே, முதலில் உனக்கு என் நன்றி. 1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சேறியிராவிட்டால் முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளில் எத்தனை நம் கைக்கு வந்திருக்கும்? பாட்டுக்கு அவ்வளவு செய்த நீ தாளத்துக்குச் செய்துவரும் உபகாரத்தையும் சொல்லத்தானே வேண்டும்!

உன்னைப் போல நடுநிலை யாருக்கு வரும்! நேமத்தான்பட்டியில் ஒரு கல்யாண வீடு. தவிலின் வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள், தொப்பியில் கழி. முப்பது வருஷம் கோயில் வாசலில் வாசித்துக் காய்ப்பேறிய கையும், போன மாதம் கூடு மாட்டிய பையனின் கையும் உன் தாளில் ஒரே ‘தகிட’தான். ஏற்றத்தாழ்வே இல்லாத அப்படியோர் இடம் எங்கள் ஊரில் வேறு கிடையாது.

உன் துல்லியமும் பெரிது. பாட்டு தொடங்கும் எடுப்பு கால் இடமா, அரை இடமா, முக்கால் இடமா என்று கேட்டால் பளிச்சென்று சொல்வாய். அந்த முக்கால் இடத்துக்கு ஒரு மயிரிழை தள்ளி, பாட்டு சரிந்துவிடுமோ என்று நம்மைத் தவிக்கவிட்டு, பிறகு அழுத்தி உட்காருகிறாரே ஒரு வித்துவான், அதை நீ தப்பென்றுகூடச் சொல்வதில்லை. பெருந்தன்மையாக நேராக்கி எழுதிவிடுகிறாய்.

காவடிக்கு முன்னால் போகும் உறுமியையும் நீ கைவிட்டதில்லை. வளைந்த குச்சி தோலைத் தேய்க்கும்போது ஓசை எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாது. கீழிருந்து எழும், வளையும், அடுத்த அடியின் மேல் போய்ப் படியும். காவடி எடுத்தவருக்கு அருள் வருவது அந்த இழுவையில்தான். நீ அதற்கு ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் ஒரு கோடும் போட்டாய். அந்தக் கோட்டுக்கு ஆடிய கால் எதுவும் இல்லை என்றாலும், பார்வைக்கு எவ்வளவு சுத்தம்!

கடல் தாண்டியும் உன் புகழ் பரவியிருக்கிறது. கியூபாவில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த ரும்பாவில், கிளாவே என்ற இரண்டு மரக்குச்சிகள் ஐந்து தட்டுகளால் பாட்டு முழுவதையும் தாங்குகின்றன. அதில் சில தட்டுகள் நான்காகப் பிரித்த கணக்கிலும் நிற்காது, மூன்றாகப் பிரித்த கணக்கிலும் நிற்காது. நடுவே ஊசலாடும். நம் ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் சதுசிரத்துக்கும் திசிரத்துக்கும் நடுவில் ஒரு நடை. மத்தன்சாஸ் நகரத்து ரும்பாக்காரர்கள் அந்த ஊசலைத் தீர்க்க நினைத்ததே இல்லை, அதில்தான் இடுப்பு அசைகிறது என்று விட்டுவிட்டார்கள். நீ போய் ஒரே பக்கத்தில் தீர்ப்பு எழுதினாய். அதைப் பார்த்து வாசிக்கும் மாணவனுக்கு இனி எந்தக் குழப்பமும் இல்லை. இடுப்புக்கும் வேலை இல்லை.

காரைக்குடி மணி ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசித்தவர். அப்படி இரண்டு நாட்டுக் கலைஞர்கள் ஒரு தாளக் கோர்வையின் கணக்கைப் பகிர்ந்துகொள்ள உன்னைவிடச் சுருக்கமான வழி இல்லை, மனமாரச் சொல்கிறேன். மிருதங்கத் தொப்பியில் கையை அழுத்தி இழுக்கும்போது எழும் கும்கியை மட்டும் நீ பாரம் என்று கரையிலேயே வைத்துவிட்டுப் போவாய். அளவாகச் சுமப்பதும் ஒரு குணம்.

உன் பெருமையில் எனக்கு மிகவும் பிடித்தது, நீ யாரையும் நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை என்பது. எங்கள் திருப்பூட்டில் கெட்டிமேளம் எத்தனை மாத்திரை என்று எந்தத் தவில்காரருக்கும் தெரியாது. பெரியவர் விரலை அசைத்ததும் மேளம் எழும். தாலி முடிச்சு விழும்வரை கொட்டும், கட்டுகிற கை நடுங்கித் தாமதித்தால் மேளமும் கூடவே நீளும். கண் முழுவதும் அந்தக் கையில்தான் இருக்கும். உனக்கு அந்தச் சிரமமே இல்லை. எத்தனை மாத்திரை என்று முன்கூட்டியே எழுதிவைத்திருப்பாய், முடிச்சு விழுந்தாலும் விழாவிட்டாலும் சரியான இடத்தில் நிறுத்திவிடுவாய்.