பாணிக்கு வரிசை, ஊசிக்கு விசாரணை

வெள்ளவத்தையில் மருத்துவம் பார்ப்பவனுக்கு அன்றாடம் ஒரு குறுக்கு விசாரணை உண்டு. "டொக்டர், இந்த ஊசியில என்னென்ன கலந்திருக்கினம்? பக்கவிளைவு ஒண்டும் வராதோ?" நியாயமான கேள்விதான். கேட்கிற அம்மாவின் கைப்பையிலிருந்து எட்டிப்பார்க்கிறது லேபிள் இல்லாத ஒரு போத்தல். பிள்ளைக்குப் பசி எடுக்க யாரோ கொடுத்ததாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று நானும் கேட்டேன். "அது மூலிகைதானே டொக்டர்!" வழக்குத் தள்ளுபடி.

இந்தச் சலுகை பெரிய இடத்திலும் உண்டு. 2020 டிசம்பரில் கேகாலையில் தம்மிக்க பண்டார, காளியம்மன் அருளிய செய்முறை என்று தேனும் சாதிக்காயும் கலந்த கொரோனாப் பாணியைக் கொடுத்தபோது, ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியே அதைப் பகிரங்கமாகக் குடித்தார். அடுத்த மாதமே அவருக்குக் கொரோனா. தேறியது ஆஸ்பத்திரியில்.

தடுப்பு மருந்தின் கணக்கு வேறு. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். இங்கே சின்னமுத்து ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவித்தது. 2023இல் அது கொழும்பில் திரும்பத் தலைகாட்டியபோது, அகப்பட்டவர்களில் பலர் ஊசி போடாதவர்கள். இந்த நோய்களை ஒழித்ததில் எந்தப் பாணிக்கும் பங்கில்லை.

ஊசிக்குப் பக்கவிளைவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். காய்ச்சல் வரும், கை வீங்கும். மிக அரிதாகக் கடும் ஒவ்வாமையும் வரலாம். அதற்குத்தான் போட்டதும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்கிறோம். தயவுசெய்து இருங்கள், ஓட்டோக்காரர் காத்திருப்பார்.